உலகம் என்பது எதுவரை? மார்ஷல் ஹாட்ஜ்சனின் வரலாற்று நோக்கு

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் அகுஸ்துராயன் குடிமதிப்பு எழுதக் கட்டளையிட்ட உலகம், கிரேக்க மூலத்தில் 'ஒய்க்குமெனே' எனப்படுகிறது. மக்கள் குடியிருக்கும் நிலம் என்பது அதன் நேர்ப்பொருள். எனினும் உரோமப் பேரரசன் எண்ணி வரி விதிக்கக்கூடிய நிலம் என்பதே ஆங்கு நடைமுறைப் பொருள். பார்த்தியரும் சீனரும் சேரரும் அக்குடிமதிப்பில் இல்லை.

சிக்காகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ஷல் ஹாட்ஜ்சன் இதே சொல்லை எடுத்து, ஆப்பிரிக்க, ஆசிய, ஐரோப்பிய நிலப்பரப்புகளில் ஒன்றோடொன்று தொடர்புற்று வாழ்ந்த நாகரிகங்கள் அனைத்துக்கும் உரியதாக்கினார். அவரது நோக்கில் மேற்கு ஐரோப்பா இப்பரப்பின் ஓர் ஓரம். நெடுங்காலம் பெற்றுக்கொண்ட ஓரம். 1968 இல், 46ஆம் வயதில் அவர் மறைந்தபோது பெருநூல் முற்றுப்பெறவில்லை. உடன் பணியாற்றிய ஒருவரின் உழைப்பால் 'இஸ்லாத்தின் பெருமுயற்சி' 1974 இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

உலகப் பகுதிகளை ஒப்புநோக்கி முதுநிலை ஆய்வு செய்வோர்க்கு இந்நூலின் நீண்ட முன்னுரை இன்றும் இன்றியமையாதது. ஆய்வாளன் எவனும் வெறுங்கையோடு வருவதில்லை. கிறிஸ்தவன், மார்க்சியன், மேலைநாட்டுப் பெருமிதக்காரன் என ஒவ்வொருவனுடைய முற்சார்பும் அவன் கேட்கும் கேள்விகளையே வடிவமைக்கிறது என்கிறார் ஹாட்ஜ்சன். குவேக்கர் சபையினரான அவர் தம் சார்பையும் மறைக்கவில்லை. சார்பற்றவர் போல் எழுதும் நம் திருச்சபை வரலாற்றாசிரியர் பலரினும் இவர் நேர்மையானவர் என்பேன்.

சொற்களில் அவர் காட்டும் கண்டிப்பு சிலருக்குச் சலிப்பூட்டும். சமயத்தைக் குறிக்க ஒரு சொல்லும், அச்சமயத்தார் ஆட்சியில் மலர்ந்த பண்பாட்டைக் குறிக்க 'இஸ்லாமிக்கேட்' என்னும் புதுச்சொல்லும் வகுத்தார். மைமோனிடீஸ் என்னும் யூத ஞானி தம் தத்துவப் பெருநூலை அரபு மொழியில் எழுதினாரே, அவரை எங்கே வைப்பது? இவ்வேறுபாடு இன்றேல் அவர் வரலாற்றில் வீடற்றவராவார்.

நமக்கு இன்னும் அண்மையான சான்று உண்டு. கி.பி. 800 இல் சார்லமேன் உரோமையில் முடிசூட்டப்பெற்றதை நம் மாணாக்கர் அனைவரும் அறிவர். அதே ஆண்டுகளில், 780 முதல் 823 வரை, கீழைச் சீரியத் திருச்சபையின் தலைவராயிருந்த முதலாம் தீமோத்தேயுவை எத்தனை பேர் அறிவர்? அவர் கலீபா அல்மஹ்தியோடு விசுவாசம் குறித்து உரையாடியவர். துருக்கியர்க்கும் திபெத்துக்கும் பேராயர்களை நியமிப்பது பற்றித் தம் கடிதங்களில் எழுதியவர். அவரது உலகம் சார்லமேனின் உலகினும் பரந்தது. பாடத்திட்டம் ஐரோப்பாவின் வழியே செல்வதால் அவர் வழியில் எதிர்ப்படுவதேயில்லை.

எனினும் ஹாட்ஜ்சனிடம் குறையில்லாமல் இல்லை. நைல் முதல் ஆக்சஸ் ஆறு வரையுள்ள நிலமே அவர் நெஞ்சுக்கு நெருக்கமானது. அறிஞர், சூஃபியர், அரசவையோர் பேசுகின்றனர். மாலுமியும் நெசவாளனும் அரிதாகவே பேசுகின்றனர். இக்குறையை ஓரளவு ஈடுசெய்வது ஜேனட் அபு-லுகோத் 1989 இல் வெளியிட்ட 'ஐரோப்பிய மேலாதிக்கத்திற்கு முன்' என்னும் நூல். 1250க்கும் 1350க்கும் இடைப்பட்ட வணிக உலகை ஆராயும் அந்நூலில் மலபாரும் சோழமண்டலக் கரையும் தமக்குரிய இடத்தைப் பெறுகின்றன. ஆனால் அவர் சமூகவியலார். பெரும்பாலும் பிறர் ஆய்வு நூல்களையே சார்ந்தவர். அகலம் வேண்டின் ஆழம் குறைகிறது. அரபும் பாரசீகமும் கற்ற ஹாட்ஜ்சன் இவ்விடுக்கணை மொழிப் பயிற்சியால் எதிர்கொண்டார். வேறு குறுக்குவழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆசியத் திருச்சபை பற்றி ஆங்கில நூல்களை மட்டும் கொண்டு ஆய்வேடு எழுத முனையும் மாணாக்கன் சீரிய மொழி வகுப்பில் ஏன் அமர்வதில்லை?

வில்லியம் மக்னீல் 1963 இல் எழுதிய 'மேற்கின் எழுச்சி'யையும் உடன் வைத்துப் படிக்கலாம். கி.பி. 1000க்குப் பிற்பட்ட நூற்றாண்டுகளில் சீனாவுக்கிருந்த முதன்மையைத் தாம் உரியவாறு உணரவில்லை என அவரே 1990 இல் திருத்தி எழுதினார். தம் பெருநூலை இவ்வாறு தாமே திறனாய்ந்தோர் சிலரே.

ஹாட்ஜ்சனின் முதற்றொகுதியைக் கையிலெடுப்போர், அரபுப் பெயர்களை எழுத்துப்பெயர்க்கும் முறை பற்றிய பக்கங்களைத் தாண்டிவிட வேண்டா. பிறர் பெயரைச் சரியாக உச்சரிப்பதற்கு அவர் எத்துணைப் பாடுபட்டார் என்பது அங்கேதான் தெரியும்.