டிராலியைத் தள்ளுபவர் எந்தக் கணக்கில்?

வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்துத் தொழிற்சாலைகள் பலவற்றில் இப்போது ஒரே மாதிரியான பலகையைப் பார்க்கலாம். இடப்பக்கம் 'முன்பு': தரையில் குவிந்து கிடக்கும் தோல், சுற்றி நிற்கும் ஆட்கள். வலப்பக்கம் 'பின்பு': மஞ்சள் பெயின்ட் அடித்த டிராலி, அதன்மேல் ஒழுங்காக விரித்துப் போட்ட தோல். அடியில் எத்தனை மீட்டர் நடை குறைந்தது, எத்தனை நிமிடம் மிச்சம் என்று ஒரு வரி. வீண் வேலைகளைக் குறைக்கும் லீன் முறைக்கு மாறிவிட்டோம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் லீன் திட்டம் 2023 மார்ச்சில் புது வடிவில் வந்தது. ஆலோசகர் கட்டணத்தில் 90 விழுக்காட்டை அரசே ஏற்கிறது. செலவு குறைவு, படம் எடுக்க வசதி, ஒரே வாரத்தில் பலன் காட்டலாம் என்பதால் ஆலோசகரும் முதலாளியும் முதலில் கை வைப்பது டிராலியில்தான்.

டிராலியால் நல்லது எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சுண்ணாம்பிலிருந்து எடுத்த தோலைத் தோளில் போட்டுக்கொண்டு, முதுகில் சுண்ணாம்புத் தண்ணீர் வழிய வழிய நடந்தவர்கள் இந்த ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சுமை ஒழிந்தது பெரிய விடுதலை. ஷூ கம்பெனிகளில் இன்னொரு ஆதாயமும் உண்டு. பன்னிரண்டு ஜோடி மட்டுமே பிடிக்கும் ரேக் டிராலி, ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்கு அதற்கு மேல் போகவிடாது. ஸ்டிச்சிங்கில் தையல் பிசகியிருந்தால் ஐந்நூறு அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்த பிறகு தெரிய வராமல் பன்னிரண்டிலேயே தெரிந்துவிடும். இடதும் வலதும் பிரியாது, தோலின் முகத்தில் கீறல் விழாது. இவற்றோடு எனக்குச் சண்டை இல்லை.

என் மறுப்பு ஒன்றுதான். பல வருடமாக அதையே சொல்லிவருகிறேன். இந்தக் கணக்கு நடையை அளக்கிறது, தள்ளுவதை அளப்பதில்லை. ஆலோசகர் ஒரு நாள் முழுக்க ஸ்டாப் வாட்சோடு நிற்கிறார். தொழிற்சாலையின் வரைபடத்தில் ஒவ்வொரு ஆளும் போய்வரும் பாதையைப் பேனாவால் கோடு இழுக்கிறார். சாயங்காலத்துக்குள் தாள் சிக்கு விழுந்த நூல்கண்டு போல ஆகிவிடும். பிறகு டிராலி வருகிறது, நடைகள் குறைகின்றன, கோடுகள் குறைகின்றன, தாள் சுத்தமாகிறது. ஆனால் அந்தத் தாளில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரே தடிமன்தான். வெறுங்கையோடு நடந்ததும், 400 கிலோவைத் தள்ளிக்கொண்டு போனதும் அங்கே ஒரே மாதிரிதான் இருக்கும். பத்து நடை இரண்டாகிவிட்டது என்று கைதட்டுகிறோம். அந்த இரண்டு நடையில் பத்து நடையின் சுமையும் ஏறியிருப்பதைத் தாள் காட்டாது.

சுண்ணாம்பு டிரம்மின் வாயருகே நின்று பார்த்தால் இது புரியும். கதவைத் திறந்து டிரம்மை மெல்லச் சுற்றவிடுகிறார்கள். ஊறி உப்பிய தோல்கள் சாம்பல் நிறத் தண்ணீரோடு சரிந்து விழுகின்றன. கொக்கியால் ஒவ்வொன்றாக இழுத்து டிராலியில் போடுகிறார்கள். அடுத்த இடம், தோலில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவும் ஃப்ளெஷிங் மெஷின். டிராலி நிரம்பாமல் நகராது. பாதியில் நகர்த்தினால் இன்னொரு நடை ஆகும், பலகையில் எழுதிய கணக்கு கெடும். அதனால் விளிம்புக்கு மேலேயும் ஏற்றுகிறார்கள். இந்த நிலையில் ஒரு முழு எருமைத் தோல் 20 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். இருபது தோல் ஏறினாலே 400 கிலோ, வண்டியின் சொந்த எடை தனி. இதைத் தள்ளுவது ஒரு ஹெல்பர், சில நேரம் இரண்டு பேர்.

தோல் பதனிடும் டேனரியின் தரை சமமாக இருக்காது, இருக்கவும் கூடாது. தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும் என்று கால்வாயை நோக்கிச் சரிவாகத்தான் சிமென்ட் போடுவார்கள். 50 அடிக்கு 1 அடி என்ற சரிவு கண்ணுக்கே தெரியாது. ஆனால் 400 கிலோ வண்டியை அதில் ஏற்ற, சக்கரத்தின் உராய்வுக்கு மேல் 8 கிலோ விசை தனியாக வேண்டும். ஒரு ஷிப்டு முழுக்க, ஒவ்வொரு நடைக்கும். இறங்கும்போது அதே வண்டி ஆளை இழுத்துக்கொண்டு போகும், பின்னால் சாய்ந்து பிடிக்க வேண்டும். கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் எபாக்சி பூசிய சமதரையில் பிறந்த டிராலியை அப்படியே இங்கே கொண்டுவந்தவர்கள் இதை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சரிவைவிட மோசமானது கால்வாய். அதை மூடியிருக்கும் கம்பித் தட்டியின் விளிம்பு தரையைவிட 1 சென்டிமீட்டர் தூக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4 அங்குலச் சக்கரம் அதில் முட்டி நின்றால், மேலே ஏற்றுவதற்கு அந்தச் சக்கரம் தாங்கும் எடையில் முக்கால் பங்கு விசை வேண்டும். பள்ளிக்கூட இயற்பியல்தான், தாளில் போட்டுப் பார்க்கலாம். முன்சக்கரம் இரண்டும் சேர்ந்து 200 கிலோ தாங்கினால் 150 கிலோ விசை. நின்ற இடத்தில் அதைத் தர எந்த மனிதனாலும் முடியாது. அதனால்தான் வண்டியை நாலடி பின்னுக்கு இழுத்து, வேகமாக வந்து மோதித் தாண்ட வைக்கிறார்கள். சுண்ணாம்பு வழுக்கும் தரையில், ரப்பர் பூட்ஸ் காலோடு. அந்த மோதலில் மணிக்கட்டும் தோளும் இடுப்பும் வாங்கும் அடிக்கு எந்தப் பலகையிலும் வரி இல்லை. அதே விளிம்பில் 8 அங்குலச் சக்கரத்துக்கு எடையில் பாதிக்கும் குறைவான விசை போதும். சக்கரம் பெரிதானால் டிராலியின் உயரம் கூடும், விலை கூடும் என்று சின்னச் சக்கரத்தையே மாட்டுகிறார்கள்.

அந்தச் சக்கரமாவது சுற்றுகிறதா? பச்சைத் தோலோடு வரும் உப்பு, சுண்ணாம்பு, சல்பைடு, பிறகு பிக்கிள் செய்யும் அமிலம் என ஒன்றுவிடாமல் பேரிங்குக்குள் இறங்குகிறது. படம் எடுத்த அன்று ஒரு கையால் நகர்ந்த வண்டி, சில மாதத்தில் ஒரு பக்கம் இழுக்க ஆரம்பிக்கிறது. பிறகு ஒரு சக்கரம் சுற்றாமலே தேய்ந்து வருகிறது. நான் கவனித்த ஒரு டேனரியில் ஹெல்பர்கள் எந்த டிராலி லேசு என்று அறிந்து, ஷிப்டு தொடங்கும் முன்பே வந்து அதைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். கடைசியில் வருபவருக்குக் கிடைப்பது முடங்கிய வண்டி. எந்த ஆலோசகருக்கும் தெரியாத ஒரு தர வரிசை அந்த ஆட்களின் கைக்குத் தெரிந்திருந்தது. யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

சட்டமும் இங்கே உதவிக்கு வருவதில்லை. காயம் உண்டாக்கக்கூடிய அளவு எடையை யாரையும் தூக்கவோ சுமக்கவோ நகர்த்தவோ வைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 34ஆம் பிரிவில் சொன்னது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் ஆண் தொழிலாளி சுமக்கும் எடைக்கு 55 கிலோ என்று வரம்பு காட்டியது. ஆனால் இப்படிப்பட்ட கிலோ வரம்புகள் எல்லாம் தூக்கிச் சுமப்பதை மனதில் வைத்து எழுதியவை. தலையில் 60 கிலோ ஏற்றினால் குற்றம் என்று காட்டலாம். சக்கரத்தின் மேல் 500 கிலோ ஏற்றி ஒருவரைத் தள்ளச் சொன்னால் அதைச் சுமை என்றே யாரும் எண்ணுவதில்லை. எடை டிராலிக்கு மாறிய உடனே கேள்வியும் முடிந்துவிடுகிறது.

ஷூ கம்பெனியில் தோல் காய்ந்திருக்கும், தரை சமமாக இருக்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் லாஸ்ட் எனப்படும் கால் வடிவ அச்சுகளை ஏற்றிய ரேக்கைத் தள்ளிப் பாருங்கள். ஆண்கள் ஷூவுக்கான பிளாஸ்டிக் லாஸ்ட் ஒரு ஜோடி ஒரு கிலோவுக்குக் குறையாது. உயரமான ரேக்கில் அடுக்கினால் முன்னால் என்ன இருக்கிறது என்று தள்ளுபவருக்குத் தெரியாது. ஆம்பூரில் ஷூ தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் வருபவர்கள். கைப்பிடியின் உயரம் அவர்கள் தோளுக்கு வருகிறது. இடுப்புயரத்தில் பிடித்துத் தள்ளினால் உடலின் முழு எடையும் உதவும், தோளுயரத்தில் கை மட்டும்தான் வேலை செய்யும். ஒரு குழாயை ஒன்றரை அடி கீழே பற்ற வைத்திருந்தால் தீர்ந்துபோயிருக்கும் கஷ்டம் இது. தைப்பவர் எழுந்து போக வேண்டாம் என்று மிச்சம் பிடித்த நடை, கடைசியில் ஒப்பந்தக் கூலிக்கு வந்த இன்னொரு பெண்ணின் தோளில் இறங்குகிறது. தைப்பவரின் நிமிடத்துக்கு விலை உண்டு, அதனால் அளக்கிறார்கள். ஹெல்பரின் உடலுக்கு அந்தத் தாளில் விலை இல்லை. இதைத் திறமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் பையிலிருந்து எடுத்து இன்னொருவர் பையில் போட்டதை வருமானம் என்று காட்டும் வேலை இது.

லீன் முறையின் மூலவர்களில் ஒருவரான டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ, பொருளைக் கொண்டுபோவதையே ஏழு வீண் வேலைகளில் ஒன்றாக வைத்தார். எடுத்துச் செல்லும் தேவையையே ஒழிப்பது அவர் வழி, மெஷின்களை அருகருகே கொண்டுவருவது. நம் டேனரிகளில் அது எளிதல்ல, அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இல்லாமல் டேனரி நடத்த முடியாது. தோல் ஊறிய உப்புநீர் வெயிலில் காயும் தொட்டிக்கு ஒரு வழி, குரோம் நீர் மீட்புக்கு ஒரு வழி, மீதி பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒரு வழி. பாலாற்றுக்கு அந்த ஏற்பாடு தேவை, இன்னும் கண்டிப்பாகத் தேவை. ஆனால் டிரம்மை இருபதடி நகர்த்த வேண்டுமென்றால் தரைக்கடியில் ஓடும் வழியையும் தோண்டி மாற்ற வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க டிராலி வாங்குகிறார்கள். நகராத டிரம்முக்கும் நகராத மெஷினுக்கும் நடுவில் ஒரு மனித உடலை நிறுத்தி, அதற்கு லீன் என்று சான்றிதழ் வாங்குகிறார்கள்.

லீன் முறை தொழிலாளிக்கும் நல்லது என்று சொல்பவர்கள் ஓர் ஆய்வைக் காட்டுகிறார்கள். கிரெக் டிஸ்டல்ஹார்ஸ்ட், யென்ஸ் ஹைன்முல்லர், ரிச்சர்ட் லாக் மூவரும் 2017இல் வெளியிட்டது. 11 வளரும் நாடுகளில் நைக்கி நிறுவனத்துக்கு ஆடை தைத்துத் தரும் 300க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளை ஆராய்ந்தார்கள். லீன் வந்த இடங்களில் ஊதியம், வேலை நேரம் சார்ந்த விதிமீறல் 15 விழுக்காட்டுப் புள்ளி குறைந்திருந்தது. நல்ல செய்தி, மறுக்கவில்லை. அதே ஆய்வு, உடல்நலம், பாதுகாப்பு விஷயத்தில் எந்த முன்னேற்றமும் காணவில்லை என்றும் சொல்கிறது. மேடைகளில் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருப்பது அந்த இரண்டாம் பாதியைப் பற்றித்தான்.

காலம் சரியில்லை, இப்போது இதையெல்லாம் கேட்காதீர்கள் என்று முதலாளிகள் தரப்பில் சொல்வார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது இந்த வட்டாரம் பட்ட பாடு எனக்கும் தெரியும். ஆனால் நான் கேட்பது பெரிய முதலீடு அல்ல. பொருள் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றை டிராலியின் கைப்பிடியில் மாட்டி, முழுச் சுமையோடு இழுத்துப் பார்த்தால் வண்டி அசையும்போது முள் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். புது வண்டியில் ஒரு முறை, ஆறு மாதம் கழித்து ஒரு முறை. டிராலியின் உள்பக்கத்தில் இதற்கு மேல் ஏற்றாதே என்று ஒரு சிவப்புக் கோடு. தட்டியின் விளிம்பைத் தரையோடு தரையாக்க ஒரு கொத்தனாரின் ஒரு நாள் வேலை. உப்பு தின்னாத பேரிங்கும் பெரிய சக்கரமும். தூரம் அதிகம் என்றால் பேட்டரியில் ஓடும் இழுவை வண்டி ஒன்று. இவற்றில் முதல் மூன்றுக்கும் ஆகும் செலவு ஆலோசகரின் ஒரு வருகைக்கு ஆகும் செலவைவிட அதிகமாக இருக்காது.

அரசு 90 விழுக்காடு தருகிறது என்றால் கேள்வி கேட்கும் உரிமையும் அரசுக்கு உண்டு. நடை எத்தனை மீட்டர் குறைந்தது என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், தள்ள எத்தனை கிலோ விசை ஆனது, தள்ளுபவர் யார், அவரிடம் கேட்டீர்களா என்று மூன்று கட்டங்கள் இருக்கட்டும். அவை வெற்றாக இருக்கும் விண்ணப்பத்துக்கு லீன் திட்டத்தின் அடுத்த நிலைச் சான்றிதழ் தரக் கூடாது.