மூன்று காகிதங்கள், ஒரே கண்

போன மாசம் எங்கள் ஆய்வகத்துத் தோழி என் மேசையில் மூன்று காகிதங்களைப் பரப்பி வைத்தாள். தேஜொனிலிருந்து ரயில் பிடித்து சோல் போய், சின்சா, அப்குஜொங் பக்கம் ஒரே நாளில் மூன்று கிளினிக் ஏறி இறங்கி வாங்கி வந்த ஆலோசனைக் குறிப்புகள். அவளுக்கு இடது கண் வலதைவிடக் கொஞ்சம் சின்னதாகத் தெரியும். கொரிய மொழியில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: ஜாங்னுன். ஜோடி சேராத கண் என்று சொல்லலாம்.

"ஒன்னி, நீங்கதான் எதையும் தோண்டித் துருவுற ஆளாச்சே. எதைப் பண்ணிக்கலாம்னு படிச்சுச் சொல்லுங்க" என்றாள். ஒன்னி என்றால் அக்கா. அப்படிக் கூப்பிட்டுவிட்டால் அப்புறம் மறுக்க முடியுமா?

முதல் காகிதத்தில் மேமொல், அதாவது இமைக்குள் நூலைப் புதைத்து மடிப்பு உண்டாக்கும் முறை, இரண்டு கண்ணுக்கும். இரண்டாவதில் ஜொல்கே, அதாவது கீறித் தைக்கும் முறை, அதுவும் இரண்டு கண்ணுக்கும். கூடவே மூக்கோரத்துக் கண்மூலையைத் திறந்துவிடும் சிறு அறுவையும் சேர்த்து. மூன்றாவதில் இரண்டு பக்கமும் நூல், இடது பக்கம் மட்டும் 'நுன்மே க்யோஜொங்'. நேரடியாகச் சொன்னால் 'கண்ணமைப்புத் திருத்தம்'. பெயர்தான் அழகுநிலையத்துப் பெயர். உள்ளே நடப்பது இமையைத் தூக்கும் தசையை இறுக்குகிற வேலை.

அதே கண், அதே நாள், மூன்று பதில். இதில் யார் சரி என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை, பாலிமர் படிக்கிறவள். ஆனால் ஒரு அட்டவணையில் எந்தக் கட்டம் விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் தினசரிப் பிழைப்பு.

மூன்று காகிதத்திலும் ஓர் ஒப்பீட்டு அட்டவணை இருந்தது. அறுவை நேரம், வீக்கம் எத்தனை நாள், தழும்பு, மடிப்பு அவிழும் வாய்ப்பு, விலை. தகவல் ஏதும் பொய் இல்லை. நூல் முறையில் வீக்கம் சீக்கிரம் வடியும், பிடிக்காவிட்டால் ஓரளவு பின்வாங்கலாம். ஆனால் தடித்த இமையில் மடிப்பு நாளடைவில் தளரலாம். கீறும் முறையில் மிகுதித் தோலையும் கொழுப்பையும் எடுக்கலாம், மடிப்பு நிலைக்கும். ஆனால் தழும்பு உண்டு, தப்பாகப் போனால் சரிசெய்வது பெரும்பாடு. தாழ்ந்த மடிப்பை உயர்த்துவது சுலபம், உயர்ந்துபோன மடிப்பைத் தாழ்த்துவது கஷ்டம். எல்லாம் சரிதான். இல்லாத கட்டம் ஒன்றே ஒன்று: கண் ஏன் சமமாக இல்லை?

இதை விட்டுவிட்டு முறையைத் தேர்ந்தெடுப்பது, கால் அளவு பார்க்காமல் செருப்புத் தோலை விவாதிப்பது மாதிரி.

ஒரு கண் சின்னதாகத் தெரிய ஏகப்பட்ட காரணம் இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் மடிப்பு இருக்கலாம். ஒரு புருவம் தாழ்ந்திருக்கலாம். ஒரு கண்விழி சற்று உள்வாங்கியிருக்கலாம். இமையைத் தூக்கும் தசையோ அதன் தசைநாரோ தளர்ந்திருக்கலாம். இதற்கு மருத்துவத்தில் டோசிஸ் என்று பெயர், நாம் இமைத்தொய்வு என்போம். சின்னக் கண் நன்றாகவே இருந்து, 'பெரிய' கண்தான் நோயாளியாகவும் இருக்கலாம். தைராய்டு கோளாறில் மேலிமை மேலே இழுத்துக்கொள்ளும், பார்க்கிறவர்கள் மற்றக் கண் சுருங்கிவிட்டது என்பார்கள். காலையில் சரியாக இருந்து சாயங்காலம் இமை இறங்கினால் மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற நரம்பு-தசை நோயைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு கண்மணியின் அளவும் வேறுபட்டால், இமை திடீரென்று விழுந்தால், இரட்டையாகத் தெரிந்தால், அது அழகு சமாச்சாரமே இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது.

நான் அதிகம் மெனக்கெட்டது இமைத்தொய்வில்தான். மடிப்புக் கணக்கையே அது கவிழ்த்துவிடுகிறது. மடிப்பு எவ்வளவு அகலமாகத் தெரியும் என்பது தைத்த உயரத்தை மட்டும் பொறுத்ததில்லை, கண் எவ்வளவு திறக்கிறது என்பதையும் பொறுத்தது. நன்றாகத் திறக்கும் கண்ணில் தோல் மடிந்து உள்ளே போய்விடும், மடிப்பு மெல்லிசாகத் தெரியும். இமை தொய்ந்த கண்ணில் அதே உயரத்துத் தையல் அகலமாக, தூக்கம் வழிகிற மாதிரித் தெரியும். ஆக, இமைத்தொய்வைக் கவனிக்காமல் இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து ஒரே அளவில் மடிப்பு போட்டால், சமமில்லாத கண்ணைச் சமமாக்கப் போய் இன்னொரு சமமின்மையைக் காசு கொடுத்து வாங்கி வருவோம். முதல் இரண்டு காகிதமும் இந்த ஆபத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அப்படியானால் மூன்றாவதுதான் சரியா? அங்கேயும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. இரண்டு மேலிமைக்கும் மூளை ஒரே அளவு உத்தரவுதான் அனுப்பும். ஹெரிங் விதி என்பார்கள். ஓர் இமை தொய்ந்தால் மூளை இரண்டுக்கும் சேர்த்துக் கூடுதலாகத் தள்ளுகிறது. தொய்ந்த பக்கத்தைத் தூக்கிவிட்டால் அந்தக் கூடுதல் உத்தரவு குறையும், இத்தனை நாள் 'நல்ல கண்' என்று பேர் வாங்கியது இறங்கிவிடும். இதைச் சோதிக்க மிஷின் எதுவும் வேண்டாம். தொய்ந்த இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்றக் கண்ணைப் பார்த்தால் போதும். ஒரு பக்கம் மட்டும் செய்யலாம் என்று எழுதுவதற்கு முன்னால் அந்த விரலை வைத்தார்களா என்று கேட்டேன். வைக்கவில்லையாம். போட்டோ எடுத்தார்கள், கம்பியால் மடிப்பு போட்டுக் காட்டினார்கள், அவ்வளவுதான். முக்கால்வாசி நேரம் பேசியது ஆலோசனை மேலாளர் என்ற பெண்மணி. டாக்டர் வந்தது ஐந்தே நிமிஷம். அளப்பதற்கு முன்பே விலை பேசுகிற ஏற்பாட்டில் அளவுக்கு என்ன மரியாதை இருக்கும்?

புருவத்தையும் யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. தொய்வு உள்ளவர்கள் தங்களையறியாமல் நெற்றித் தசையால் இமையைத் தூக்கிக்கொள்வார்கள். புருவத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழே பார், மேலே பார் என்று சொல்லி, இமை எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளப்பது கண் மருத்துவத்தில் அரிச்சுவடி. முறையைத் தீர்மானிப்பதே பெரும்பாலும் அந்த எண்தான். தசை நன்றாக வேலை செய்தால் அதையே இறுக்கலாம். லேசான தொய்வு, பெனைலெப்ரின் சொட்டு விட்டதும் இமை உயர்கிறது என்றால் உட்புறமாக முல்லர் தசையைக் குறுக்கலாம். தசை 4 மில்லிமீட்டர்கூட நகர்த்தவில்லை என்றால் இமையை நெற்றித் தசையோடு கட்டித் தூக்க வேண்டியிருக்கும். வெட்டா நூலா என்பது இதற்கெல்லாம் பிறகு வருகிற கேள்வி.

இந்தச் சிகிச்சையின் சரித்திரத்தை அமெரிக்க டாக்டர் மில்லார்ட் 1950-களில் கொரியாவில் செய்த அறுவையிலிருந்து ஆரம்பிப்பவர்கள் உண்டு. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1896-ல், ஜப்பானில் மிகாமோ என்ற மருத்துவர் பட்டு நூல் வைத்து மடிப்பு உண்டாக்கியதை எழுதிவிட்டார். அவருடைய நோயாளி யார் தெரியுமா? ஒரு கண்ணில் மடிப்பு இருந்து, மறு கண்ணில் இல்லாத ஒரு பெண். ஜாங்னுன்! அவர் இல்லாத பக்கத்தை இருக்கிற பக்கத்துக்கு ஈடாக்கினார். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு பேக்கேஜ், கூட ஒரு கண்மூலை என்பதெல்லாம் பிற்பாடு வந்த வியாபாரம். இதைத் தோழியிடம் சொன்னபோது, "அப்போ என் கேஸ்தான் ஒரிஜினலா?" என்று சிரித்தாள்.

எனக்கு அந்தச் சிரிப்பு ஆறுதல்தான். ஆனால் அவளுக்கு இது விளையாட்டில்லை. ஸூமில் பேசும்போது தன் முகத்தைத் தானே அணைத்துவைக்கிறவள். (கண்ணாடியில் பழகிய முகத்தைப் போட்டோவில் இடவலம் மாறிப் பார்க்கும்போது கோணல் தூக்கலாகத் தெரியும் என்று ஆறுதல் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எடுபடவில்லை.) "பண்ணிக்காதே, நீ அழகாத்தான் இருக்கே" என்று நான் சொல்லியிருந்தால் காகிதங்களை மடித்துக்கொண்டு போயிருப்பாள். இரண்டாவது கிளினிக்கில் சலுகை தேதி வேறு போட்டிருந்தார்கள். அதனால் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: முன்பணம் கட்டுவதற்கு முன்னால், அறுவை விற்காத ஒரு கண் மருத்துவரிடம் அளந்துகொண்டு வா.

போனாள். கண்மணியின் நடுவிலிருந்து மேலிமை ஓரம் வரை வலது 4 மில்லிமீட்டர், இடது 2.5. தசை நன்றாக நகர்கிறது. புருவத்தை அழுத்தியதும் இடது இமை இன்னும் இறங்கியது. இடதைத் தூக்கியதும் வலது இறங்கியது. கண்மணி இரண்டும் சமம், சாயங்காலம் மோசமாவதில்லை. அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் எனக்கும் தோன்றாதது: கான்டாக்ட் லென்ஸ் எத்தனை வருஷமாக? மிடில் ஸ்கூலிலிருந்து, ஹார்டு லென்ஸ். தினமும் இமையை இழுத்து லென்ஸை எடுப்பவர்களுக்கு அந்தத் தசைநார் காலப்போக்கில் தளர்வது தெரிந்த விஷயமாம். கொஞ்ச நாள் லென்ஸை நிறுத்து, பழைய போட்டோக்களைக் கொண்டு வா, பிறவியிலிருந்தா பிறகு வந்ததா பார்ப்போம், அதற்கப்புறம் அறுவையைப் பேசலாம் என்று அனுப்பிவிட்டார்.

சலுகை தேதி போய்விட்டது. இப்போது கனமான கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறாள், மூக்கில் தடம் விழுகிறது என்று என்னைத் திட்டுகிறாள். ஊரிலிருந்து அம்மா காகாவோவில் படம் படமாக அனுப்புகிறார். பட்டமளிப்புப் படத்தில் இரண்டு கண்ணும் கிட்டத்தட்ட சமம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் காலத்து முன்முடி புருவத்தை முழுசாக மறைத்திருக்கிறது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முடியை ஏற்றிச் சீவிய படம் ஒன்று பாட்டி வீட்டில் இருக்கிறதாம்.