கிணற்றுச் சுவரில் ஒரு பெரணித் தோட்டம்

பூவும் காயும் இல்லாமல், இலையை மட்டுமே வைத்துக்கொண்டு ஆளை நிறுத்திவிடுகிற செடி பெரணி. கம்பம் பள்ளத்தாக்கில் அதை ரசிக்க மேகமலை வரை ஏற வேண்டியதில்லை. ஈரம் வற்றாத பழைய கிணற்றை எட்டிப் பாருங்கள். கல் இடுக்கில், மயிரிழை போன்ற கறுத்த காம்புகளில் அடியாண்டம் என்ற பெரணி தொங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் தெளித்தால் இலையில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு விழும்.

கிணறு பெரணிக்கு நிழல் தருகிறது, ஈரம் தருகிறது, காற்றையும் தடுக்கிறது. வீட்டில் வளர்ப்பவர்கள் கோட்டை விடுவது இந்த மூன்றாவதில்தான். தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கேரளப் பக்கம் கொட்டிவிட்டு, ஆனி, ஆடியில் வெறுங்காற்றாக இங்கே இறங்குகிறது. நிழலில் இருக்கும் தொட்டியிலும் இலை நுனி கருகிவிடும். ஆகவே வீட்டின் கிழக்குப் பக்கமே பெரணிக்கு உகந்தது. நிழல்வலையைத் தலைக்கு மேலே கட்டினால் மட்டும் போதாது, மேற்கிலும் இறக்கிக் கட்ட வேண்டும். கலவையில் மண் குறைவாகவும் இலைமக்கும் தேங்காய் நார்க்கழிவும் கூடுதலாகவும் இருக்கட்டும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால், பிடித்து வைத்த மழைநீரை ஊற்றுங்கள். புதிதாக வளர்ப்பவர்கள் வாள் பெரணியில் தொடங்கலாம். அடியாண்டம் கை பழகிய பிறகு.

ரசனைக்குரிய நேரம் புதுக்குருத்து விரியும் நாட்கள். பழுப்புச் செதில் போர்த்திய சுருள், அடியிலிருந்து மெல்ல அவிழும். நுனி மட்டும் கடைசி வரை சுருண்டே இருக்கும். முதிர்ந்த இலையைத் திருப்பினால் வரிசை பிசகாமல் பழுப்புப் புள்ளிகள். பூச்சி என்று பயந்து மருந்தடிப்பவர்கள் உண்டு. அவை வித்துப்பைக் கொத்துகள். அவற்றிலிருந்து உதிரும் தூள் ஈரத்தில் முளைத்து, முதலில் இதய வடிவில் நகக்கண் அளவு பச்சைப் படலமாகும். அதில் நீர்ப்படலம் இருந்தால்தான் கருவுற்று, பெரணி எழும்பும்.

இந்தப் பக்கத்து மலைகளின் பெரணிகளுக்குப் பெரிய ரசிகர்கள் இருந்திருக்கிறார்கள். சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெடோம் 1863-இல் தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களோடு வெளியிடத் தொடங்கினார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் அருட்தந்தை மாணிக்கம், பெரியகுளத்துக்கு மேலே எழும் பழநி மலையின் பெரணிகளுக்கென்றே 1986-இல் ஒரு நூல் தந்தார்.

மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து ஒரு வேரைக்கூடப் பிடுங்கி வராதீர்கள். கீழே பள்ளத்தாக்குக் காற்றில் அது பிழைப்பதும் அரிது. நர்சரியில் வாங்குங்கள், இல்லையென்றால் நண்பர் வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு பக்கக்கன்று கேளுங்கள்.