ஈரோட்டு 'ங்'

கொங்கு நாட்டு ஈரோட்டில் மஞ்சள் மண்டிப் பக்கம் போய் விலை கேட்டால், விலைக்கு முன்னால் மரியாதை வந்து நிற்கும்: "சொல்லுங்!" முழு 'ங்க'கூட இல்லை, கடைசி எழுத்து மூக்கிலேயே கரைந்துவிடும். 'என்னுடைய பையன்' சுருங்கி 'என்ற பையன்' ஆகிவிடுவான்.

மதுரைக்காரருக்கு இந்தப் பணிவின்மேல் ஒரு சந்தேகம். சண்டையிலுமா 'ங்க' போடுவார்கள்? போடுவார்கள். "போங்க, வேலையப் பாருங்க" என்பதில் உள்ள குத்தல் வாங்கியவருக்குத்தான் தெரியும். நெல்லையின் 'ஏலே'யோ கொங்குக் காதுக்கு அதட்டல். அங்கே அது கொஞ்சலும்தான். அடுத்த ஊர்க்காரன் இழுத்துப் பேசுகிறான் என்று சொல்லாத ஊர் உண்டா என்ன!

1995இல் வந்த 'சதிலீலாவதி' படத்தில் கமலும் கோவை சரளாவும் பேசிய கொங்குத் தமிழ் பிரமாதம். ஆனால் அதன்பின், அந்தப் பேச்சைக் கேட்டாலே சிரிக்கத் தயாராகிவிட்டோம். எனக்கு அதில் வருத்தமுண்டு. கொங்கு நாட்டில் கடன் கேட்பதும் துக்கம் விசாரிப்பதும் அதே தமிழில்தானுங்களே.