மைக் நம் கையில். குமிழ் யார் கையில்?

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்துக் கூமாப்பட்டி என்றோர் ஊர் இருக்கிறது. பக்கத்தில் பிளவக்கல் அணைகள். சுற்றிலும் வயலும் தென்னந்தோப்பும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தைத் தாண்டினால் இவ்வூரை அறிந்தவர் சிலரே. 2025 ஜூன் மாதம் இது தலைகீழாக மாறிற்று. உள்ளூர் இளைஞர் ஒருவர் கைப்பேசியில் சிறு சிறு படங்கள் எடுத்து, ஊரையும் அதன் தண்ணீரையும் வானளாவப் புகழ்ந்து, எல்லோரும் வாருங்கள் என்று இன்ஸ்டாகிராமில் அழைத்தார். சில நாட்களில் தமிழ்நாடு முழுவதும் அதே பேச்சு. வெளியூர்க்காரர்கள் வண்டியேறி வந்தார்கள். அணையில் குளிக்க அனுமதியில்லை என்று அதிகாரிகள் சொல்ல நேர்ந்தது. ஏமாந்து திரும்பியவர்களும் உண்டு.

இதைப்பற்றி டீக்கடையிலும் கல்லூரி வராந்தாவிலும் மூன்று கருத்துக்களைக் கேட்கிறோம். அவற்றைச் சற்றே உரசிப் பார்ப்போம்.

"இணையம் வந்தபின் எல்லோருக்கும் பேச்சுரிமை கிடைத்துவிட்டது" என்பது முதல் கருத்து. இதில் பாதி உண்மை. முன்பெல்லாம் ஊரறியப் பேச வேண்டுமானால் பத்திரிகை ஆசிரியரோ வானொலி நிலையமோ இடம் தர வேண்டும். இன்று அந்தத் தடை இல்லை. ஆனால் பேசுவது வேறு, பிறர் காதில் விழுவது வேறு அல்லவா?

கோயில் திருவிழாவில் மைக் செட் திடீரென்று 'கூ' என்று அலறுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி மறுபடி மைக்கில் புகுந்து, பெருக்கப்பட்டு, மீண்டும் வெளிவருவதே காரணம். ஒவ்வொரு சுற்றிலும் ஒலியலை 1.1 மடங்கு வளர்வதாக வைத்துக்கொள்வோம். 50 சுற்றுகளில் அது சுமார் 117 மடங்காகிவிடும். 0.9 மடங்காகக் குறைந்தாலோ, சுமார் 200-ல் ஒரு பங்காகத் தேய்ந்து மறையும். மைக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே 3.4 மீட்டர் என்றால், இந்த 50 சுற்றுக்கும் ஆகும் நேரம் அரை விநாடிதான்! (ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்.) எந்தச் சுருதி அலறும் என்பதைப் பாடகர் தீர்மானிப்பதில்லை. பெருக்கியும், மைக் வைத்த இடமும், குமிழைத் திருகிய அளவுமே தீர்மானிக்கின்றன.

சமூக வலைத்தளங்களிலும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது. ஒரு படம் முதலில் சிலருக்குக் காட்டப்படுகிறது. அவர்கள் நின்று பார்த்தால் மேலும் பலருக்கு. அவர்களும் பார்த்தால் இன்னும் பலருக்கு. சொன்னது மெய்யா என்று இந்தச் சுற்றில் கணக்குப் பார்ப்பதில்லை; எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எத்தனை பேருக்கு அனுப்பினார்கள் என்பதே கணக்கு. இளைஞர் கையில் மைக் இருந்தது மெய்தான். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் அவரிடம் இல்லை.

"சர்க்கார் இணையத்தை இழுத்துப் பூட்டினால் சரியாகும்" என்பது இரண்டாவது கருத்து. 2018 மே மாதம், தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டை அடுத்து 13 பேர் உயிரிழந்தனர். உடனே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையச் சேவை நிறுத்தப்பட்டது. வதந்தி பரப்புகிறவருக்கு மட்டுமா வழி அடைபட்டது? உறவினரின் நிலையறியத் தவித்தவருக்கும் அடைபட்டது. இத்தகைய உத்தரவுகளைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும், காலவரையின்றி நிறுத்தக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில் கூறியது. மைக் செட் அலறினால் குமிழைத் திருத்துவார்களா, ஊர் முழுவதும் மின்சாரத்தை நிறுத்துவார்களா?

"கத்தியின் மேல் குற்றமில்லை, பிடிப்பவன் கையில்தான் இருக்கிறது" என்பது மூன்றாவது. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் கத்தி தானாக எதை வெட்டுவது என்று தேர்ந்தெடுப்பதில்லை. இந்தக் கருவியோ தேர்ந்தெடுக்கிறது. 2016-ல் இன்ஸ்டாகிராம், பதிவுகளைக் கால வரிசையில் காட்டும் வழக்கத்தை விட்டு, தானே வரிசைப்படுத்தத் தொடங்கிற்று. 2022-ல் கால வரிசையை மீண்டும் தந்தாலும், அது நாமே தேடிப்போய்த் தேர்ந்தெடுக்க வேண்டிய வழியாகவே வந்தது. ஆகவே கருவியைச் செய்தவருக்கும் பொறுப்புண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி 2023 ஆகஸ்ட் முதல், நம் விருப்பங்களை வேவு பார்க்காத வரிசை ஒன்றையும் பெரிய தளங்கள் தந்தாக வேண்டும். குமிழில் ஒரு பங்கைக் கேட்பவர் கையில் கொடுக்கும் முயற்சி இது. நாமும் கேட்க வேண்டியது இத்தகைய உரிமையைத்தான்.

மாணவ நண்பர்களே, ஒரு சோதனை செய்து பாருங்கள். நீங்களும் நண்பர் ஒருவரும் ஒரே தளத்தை ஒரே நேரத்தில் திறந்து, முதலில் வரும் 10 பதிவுகளைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை ஒத்திருக்கின்றன? நீங்களாகத் தேடிக் கேட்டவை எத்தனை? பிறகு, அந்தச் சுற்றில் நாமும் ஒரு கண்ணி என்பதை எண்ணிப் பாருங்கள். சரிபார்க்காத ஒன்றை அனுப்பாமல் நிறுத்துகிற ஒவ்வொருவரும் 1.1 என்ற அந்த எண்ணைக் கொஞ்சம் குறைக்கிறார். அது ஒன்றுக்குக் கீழே இறங்கினால், அலறல் தானே அடங்கும்.