எந்தத் தட்டில் எந்த டிரைவ்?

பாயான் லெப்பாஸ் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது சில்லுகள்தான். இன்டெல் 1972இல் வந்து இறங்கிய இடமல்லவா. தரவைச் சேமிக்கும் தொழிலும் இந்த வட்டாரத்தில் சத்தமில்லாமல் வேர்விட்டிருக்கிறது. வன்தட்டுக்குள் சுழலும் தகடுகளைப் பினாங்கில் செய்துவந்த கோமாக் நிறுவனத்தை 2007இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. தெற்கே சிரம்பானில் தொழிற்கூடம் வைத்திருந்த சைராடெக்ஸ், டிரைவ்களை அடுக்கும் பெட்டிகளைச் செய்து பிற நிறுவனங்களின் பெயரில் விற்கக் கொடுத்தது. நெட்ஆப் அதன் பெரிய வாடிக்கையாளர். 2014இல் சைராடெக்ஸை சீகேட் வாங்கிவிட்டது.

அந்த வகைப் பெட்டிகள் பெரிய நிறுவனங்களில் ஓய்வுபெற்ற பிறகு பாதி விலைக்கும் குறைவாகச் சிறு அலுவலகங்களுக்கு வந்து சேர்கின்றன. இருபத்துநான்கு டிரைவ், அவை எல்லாம் செருகும் ஒரே பலகை (பேக்பிளேன்), பின்னால் ஓரிரு கேபிள். இந்த முறையைக் குறை சொல்பவர்கள் வழக்கமாக வேகத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேக்பிளேனில் உள்ள எக்ஸ்பாண்டர் சில்லு எல்லா டிரைவ்களையும் எட்டுத் தடங்களுக்குள் அடக்குகிறது. தடத்துக்கு 12 ஜிகாபிட் என்றால், குறியீட்டுக்குப் போவது கழித்து மொத்தம் நொடிக்கு 9.6 ஜிகாபைட். சுழலும் வன்தட்டு ஒன்று மூச்சைப் பிடித்து ஓடினாலும் நொடிக்கு ஏறக்குறைய 250 மெகாபைட். இருபத்துநான்கும் சேர்ந்து ஓடினாலும் 6 ஜிகாபைட்தான். இடம் மிச்சம். எஸ்எஸ்டி நிரப்பினால்தான் கழுத்து இறுகும். கேபிள் குறைவதால் காற்றோட்டம் கூடுகிறது, சர்வரை நிறுத்தாமலே டிரைவை மாற்ற முடிகிறது. இன்னொரு நன்மையை யாரும் கவனிப்பதில்லை. 3.5 அங்குல வன்தட்டு சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். இருபத்துநான்கும் ஒரே நேரத்தில் கிளம்பினால் 576 வாட். நல்ல பெட்டி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழுப்பும்.

பிறகு கோளாறு எங்கே? அடையாளத்தில். பெட்டியின் முகப்பில் ஒட்டியிருக்கும் எண் 1இல் தொடங்கும். மென்பொருள் 0இல் இருந்து எண்ணும். லினக்ஸ் கொடுக்கும் பெயரோ அடுத்த முறை சர்வர் எழும்போது வேறு டிரைவுக்குப் போய்விடலாம். இந்த இடைவெளியை அடைக்கத்தான் எஸ்இஎஸ் என்ற நெறிமுறை இருக்கிறது: எந்த இடத்தில் எந்த டிரைவ், விசிறி எப்படி, வெப்பம் எவ்வளவு என்று பெட்டியே சொல்லும், கேட்டால் விளக்கையும் ஏற்றிக் காட்டும். ஏட்டளவில் குறையில்லை. நடைமுறையில், ஒரு நிறுவனத்தின் பெட்டியும் வேறொரு நிறுவனத்தின் கண்ட்ரோலரும் சேரும்போது விளக்கு எரியாமல் போகலாம், பக்கத்து விளக்கும் எரியலாம். ஒரு டிரைவின் இழப்பை மட்டுமே தாங்கும் ரெய்டு 5 தொகுப்பில் ஒரு டிரைவ் செத்த பிறகு, டிரைவைத் தாங்கும் தட்டுகளில் தவறானதை உருவினால் மொத்தத் தொகுப்பும் படுத்துவிடும். உருவியதைத் திரும்பச் செருகினால் சில நேரம் மீளும். அந்தச் சில நேரத்தை நம்பி அலுவலகம் நடத்த முடியாது.

இதற்கு மருந்து மலிவு. ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் அதிலுள்ள டிரைவின் வரிசை எண்ணில் கடைசி நான்கு இலக்கத்தை எழுதி ஒட்டினால் போதும். ஐந்து ரிங்கிட் ஸ்டிக்கர் வேலை. இதைச் செய்யாமல் விளக்கை மட்டும் நம்பும் பழக்கத்தைத்தான் நான் குறை சொல்வேன், பேக்பிளேனை அல்ல.

தயாரிப்பாளர்களின் பங்கும் உண்டு. பழைய நெட்ஆப் பெட்டியோடு வரும் டிரைவ்கள் பல 520 பைட் பிரிவுகளாக வடிவமைக்கப்பட்டவை. 512க்கு மாற்றி வடிவமைக்காதவரை சாதாரண சர்வருக்கு அவற்றால் பயனில்லை. புதிய டிரைவ் சிலவற்றில் மின் இணைப்பின் மூன்றாவது ஊசி, டிரைவை அணைக்கும் வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பழைய பேக்பிளேன் அதே ஊசியில் 3.3 வோல்ட் தந்தால் டிரைவ் எழவே எழாது. வாங்கியவர் டிரைவ் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். இரண்டு பாதை வசதியுள்ள பெட்டியில் வெறும் சாட்டா டிரைவைப் போட்டுவிட்டு, ஒரு பாதை அறுந்தாலும் மறுபாதை காக்கும் என்று நினைப்பதும் இந்த ரகம்தான். சாட்டாவுக்கு ஒரே வாசல். இடையில் மாற்றுப் பலகை வைத்தால்தான் இரண்டாவது கிடைக்கும்.

ஜார்ஜ் டவுனுக்கென்று ஒரு கவலை தனியாக உண்டு. கடைவீட்டு மாடியில், மாலையில் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டுப் போகும் அறையில் இந்தப் பெட்டி நின்றால், வெப்பமும் கடற்கரை ஈரப்பதமும் இரவு முழுக்க அதன்மேல்தான். ஒரு 20 டெராபைட் டிரைவை மாற்றினால், முழு வேகத்திலும் மீள்கட்டமைப்புக்கு 22 மணி நேரம் ஆகும். குளிர் இல்லாத ஓர் இரவு அதற்குள் நிச்சயம் வரும். காலியான இடங்களில் மூடியைப் போடாமல் விட்டால் காற்று அந்த ஓட்டை வழியாகவே நுழைந்து, டிரைவ்களின் மேல் படாமல் போய்விடும்.

எஸ்எஸ்டியை நேரே பிசிஐ தடத்தில் இணைக்கும் என்விஎம்இ வந்தால் இதெல்லாம் தீரும் என்கிறார்கள். எக்ஸ்பாண்டர் போகும், உண்மைதான். ஆனால் டிரைவுக்கு நான்கு தடம் வீதம் இருபத்துநான்குக்கு 96 தடம் வேண்டும். அடையாளச் சிக்கலோ அங்கும் தொடர்கிறது: சர்வருக்குத் தெரிவது பிசிஐ முகவரி, கையில் பிடிப்பது தட்டு. இரண்டையும் பொருத்திக் காட்டத்தான் யுபிஎம் என்ற பொதுத் தரத்தை வகுத்திருக்கிறார்கள். வாங்கும் பேக்பிளேனும் கண்ட்ரோலரும் இரண்டுமே அதைப் பேசுகின்றனவா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.