தோற்றவனுக்கும் ஒரு கதை

முடிவு முன்கூட்டியே எழுதப்பட்ட ஒரு போட்டியை, முடிவு தெரியாத விளையாட்டாக மாற்றுவது எங்ஙனம்? தொழில்முறை மல்யுத்தத்தை வீடியோ விளையாட்டாக ஆக்க முனைந்தவர் அனைவரும் எதிர்கொண்ட இடர்ப்பாடு இதுவே. அமெரிக்க மேடைகளில் நிகழும் அம்மல்யுத்தத்தில் வெல்பவர் யார், வீழ்பவர் யார் என்பது திரைமறைவில் தீர்மானிக்கப்படுவது. மோதும் இருவரும் பகைவர் அல்லர். ஒருவர் உடலை மற்றவர் காத்துக்கொண்டே, நொறுக்குவதுபோல் காட்டும் கூட்டாளிகள். ஆனால் கையில் கட்டுப்பாட்டுக் கருவியை ஏந்தி அமரும் சிறுவனுக்கு நடிப்பு வேண்டுவதில்லை, மெய்யான வெற்றியே வேண்டும். இந்த முரண்பாட்டை உணர்ந்து, அதனையே தன் பலமாக்கிக் கொண்ட படைப்புகள் மிகச் சில. அவற்றுள் தலையாயது, 2000ஆம் ஆண்டு நவம்பரில் நின்டெண்டோ 64 கருவிக்கென வெளிவந்த 'டபிள்யூ.டபிள்யூ.எஃப். நோ மெர்சி' என்பது நம் கருத்து.

இத்தகையதொரு பொருளை இவ்வேட்டில் எடுத்துப் பேசுவானேன் என்று பெரியவர்கள் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், இன்று நாற்பதை எட்டிப் பிடித்திருக்கும் நம் வீட்டுத் தந்தையரில் எத்தனை பேர், தொண்ணூறுகளில் அம்மல்யுத்த வீரர்களின் உயரமும் எடையும் மார்பளவும் அச்சிட்ட சீட்டுகளைப் பள்ளிப் பையின் அடியில் ஒளித்து வைத்தவர்கள் என்பதை அவர்களே அறிவர். அவர்தம் மக்கள் இன்று அதே மல்யுத்தத்தைத் திரையில் ஆடுகின்றனர். பிள்ளைகள் மணிக்கணக்கில் மூழ்கிக் கிடக்கும் ஒன்றை 'வீண்' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடின், அதிலுள்ள நன்று எது, தீது எது என்று அவர்களிடம் சொல்லும் உரிமையை நாமே இழந்துவிடுகிறோம்.

நோ மெர்சியை உருவாக்கியது ஜப்பான் நாட்டின் ஏ.கே.ஐ. நிறுவனம்; வெளியிட்டது அமெரிக்காவின் டி.எச்.க்யூ. அதற்கு முன்னரே அவர்கள் 1997 முதல் ஆண்டுதோறும் இவ்வகை விளையாட்டுகளைச் செய்து, தம் கைவேலையைப் பதப்படுத்தி வந்திருந்தனர். அந்தப் பதம் முதன்மையாகப் புலப்படுவது பிடியில். பொத்தானைத் தட்டினால் இலேசான பிடி. அழுத்திப் பிடித்தால் வலுத்த பிடி. பிடித்த பின்னரே எறிவதா, மடக்குவதா, தூக்கிச் சாய்ப்பதா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எதிராளி களைப்படையாத தொடக்க வேளையில் வலுத்த பிடிக்குப் போனால், அவன் அதனை உதறித் திருப்பிவிடுவான். ஆகவே பொறுமை வேண்டும். சிறிது சிறிதாக அவனைத் தளர்த்த வேண்டும். பொத்தான்களைக் கண்மூடித்தனமாகத் தட்டுகிறவன் இங்கே தோற்கிறான், காத்திருக்கத் தெரிந்தவன் வெல்கிறான். சண்டை விளையாட்டுகளில் அரிதாகக் காணும் பண்பு இது.

இன்னொரு நுட்பத்தையும் கருத வேண்டும. பிற சண்டை விளையாட்டுகளில் திரையின் மேல் ஓர் உயிர்க்கோடு இருக்கும். அடிபட அடிபட அது குறுகும். தீர்ந்தால் ஆட்டமும் தீரும். நோ மெர்சியில் அத்தகைய கோடு இல்லை. தலை, உடல், கை, கால் ஆகியவற்றில் ஏறும் சேதத்தை விளையாட்டு தனக்குள்ளேயே கணக்கு வைத்துக்கொள்கிறது. வீரன் நடக்கும் தளர்ச்சியிலிருந்தே நாம் அதனை ஊகிக்க வேண்டும். திரையில் தெரிவதெல்லாம் வீரனின் ஊக்கத்தைக் காட்டும் அளவுகோல் ஒன்றுதான். அடித்தால் அது ஏறும், அடிபட்டால் இறங்கும். எதிராளியை வீழ்த்திவிட்டு, அடிப்பதை நிறுத்தி, கூட்டத்தை நோக்கிக் கையுயர்த்தி இறுமாப்புக் காட்டினாலும் ஏறும்! வெற்றியைக் கருதும் அறிவு 'அடி' என்கிறது. மேடையின் அறிவோ 'கூட்டத்தைப் பார்' என்கிறது. தொழில்முறை மல்யுத்தம் என்பது கூட்டத்தின் மனநிலையை ஏற்றியிறக்கும் கலை என்பதை, ஒரு சொல்லும் சொல்லாமல் விதியாகவே இயற்றிவிட்டனர். அளவுகோல் நிறைந்து மின்னும் அந்தச் சில நொடிகளில்தான் வீரனின் பெயர்பெற்ற இறுதிப் பிடியைப் போட இயலும். முக்கால் பங்கு ஆட்டம் அடிபட்டுக் கிடந்தவன் அந்நொடியில் எழுந்து வெல்லும்போது, எழுதப்பட்ட நாடகமும் எழுதப்படாத ஆட்டமும் ஒன்றாகிவிடுகின்றன.

இதனினும் நம்மைக் கவர்ந்தது பட்டப் போட்டிகளின் கதையமைப்பு. ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு தடம். ஒவ்வொரு தடத்திலும் பல கிளைகள். பெரும்பாலான விளையாட்டுகளில் தோல்வி என்பது சுவர். மோதி விழுந்தவன் மீண்டும் அதே இடத்திலிருந்து தொடங்க வேண்டும். இங்கே தோல்வி ஒரு வாயில். தோற்றவனைக் கதை கைவிடுவதில்லை. வேறொரு கிளைக்கு, வேறொரு பகைக்கு, சிலவேளை வேறொரு நட்புக்கு அழைத்துச் செல்கிறது. ஒரு பட்டத்தின் கதையை நூற்றுக்கு நூறு கண்டு முடிக்க விரும்புகிறவன், வெல்லக்கூடிய சில ஆட்டங்களில் வேண்டுமென்றே தோற்றாக வேண்டும். மதிப்பெண் குறைந்தால் முகம் சுளிக்கும் வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு இது எத்தகைய அனுபவம் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்கலாம்.

இத்துணைச் சிறப்புடைய படைப்பில் குறையே இல்லையா எனின், உண்டு. சில மன்னிக்க இயலாதவை. ஆட்டக்காரர் ஈட்டியவற்றைச் சேமித்து வைப்பது, நம் பிள்ளைகள் 'கேசட்' என்றழைத்த கார்ட்ரிட்ஜின் கடமை. முதலில் விற்பனைக்கு வந்த கார்ட்ரிட்ஜ்களிலோ, சேமித்தவை திடீரென அழிந்து போயின. பல வார உழைப்பு ஒரே இரவில் வெறும் பலகையாயிற்று. பின்னர்த் திருத்திய பதிப்பு வெளிவந்தது மெய்யே. எனினும் பொறுமையையே பாடமாக வைத்த விளையாட்டு, பொறுத்திருந்தவனின் பயனைத் தானே அழித்ததை எப்படிச் சரியெனச் சொல்வது? நால்வர் ஒருங்கே மேடையேறினால் திரை தடுமாறி, ஓட்டம் நடையாகிவிடும். அதே மாதம் பிளேஸ்டேஷன் கருவிக்குக் குறுந்தகட்டில் வந்த போட்டி விளையாட்டோடு ஒப்பிட்டால், கார்ட்ரிட்ஜின் இடநெருக்கடி தெளிவாகத் தெரியும். வீரர் நுழையும் இசை துண்டு துண்டாக ஒலிக்கிறது, வருணனையாளர் குரலில்லை, கதைமாந்தர் வாய்திறவாமல், எழுத்துகள் மட்டும் அடியில் ஓடுகின்றன.

இவை கருவியின் குறைகள். மனிதரின் குறை வேறு. அக்காலத்து அமெரிக்க மல்யுத்த நிகழ்ச்சி, கூட்டம் சேர்ப்பதற்காக ஆபாசத்தையும் வசைச்சொல்லையும் அள்ளித் தெளித்தது. பெண்டிரைக் காட்சிப் பொருளாக நிறுத்தியது. அந்தக் கறை இவ்விளையாட்டிலும் படிந்துள்ளது. நாற்காலியால் தலையில் அடிப்பதும் அதில் ஒரு வேடிக்கையே. 13 வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியது என்று அமெரிக்க மதிப்பீட்டுக் குழு அதற்கு முத்திரையிட்டது. பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடத் தக்கது அன்று என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இனி, பின்வந்தவை. 2019இல் வெளியான 'டபிள்யூ.டபிள்யூ.இ. 2கே20' பழுதுகளுக்கே பெயர்பெற்றது. வீரர் உருவங்கள் சிதைந்தன. கயிறுகளில் உடல்கள் சிக்கித் துடித்தன. 2020 சனவரி முதல் நாள் பிறந்ததும் விளையாட்டு இயங்கவே மறுத்தது. கருவியின் நாட்காட்டியைப் பின்னுக்குத் தள்ளிவைத்து ஆடியவர்களும் உண்டு! அடுத்த ஆண்டுப் பதிப்பையே கைவிட்டு, 2022இல் திருத்தமுற்று மீண்டனர். அப்பதிப்பின் ஆட்டம் நன்று. ஆனால் அதனோடு வேறொன்றும் நுழைந்தது. உள்ளே எந்த வீரர் இருக்கிறார் என்று அறியாமலே பிரிக்க வேண்டிய சீட்டு உறைகள். அவற்றை வாங்க மெய்யான பணம் கொடுத்துப் பெறும் பொய் நாணயம்.

நோ மெர்சியிலும் கடைத்தெரு ஒன்று உண்டு. மறைந்திருக்கும் வீரரையும் உடையையும் அங்கே வாங்கலாம். ஆனால் அங்குச் செல்லும் காசு ஆட்டத்தில் வென்று ஈட்டியது மட்டுமே. எதை வாங்குகிறோம் என்பதும் கண்முன் எழுதியிருக்கும். பின்வந்த உறையிலோ விலை தெரியும், பொருள் தெரியாது. இதற்குச் சூது என்பதன்றி வேறு பெயரை நாம் அறியோம். 2018இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையமும், வேறு சில விளையாட்டுகளில் இருந்த இத்தகைய உறைகளைச் சூதாட்டம் என்றே தீர்த்தது. நாற்காலி அடியைக் கண்டு அஞ்சும் பெற்றோர், ஓசையின்றித் திறக்கும் இவ்வுறையைக் கவனிப்பதில்லை. நம் கவலை இதில்தான் கூடுதல்.

2023இல் வந்த 'ஏ.ஈ.டபிள்யூ. ஃபைட் ஃபாரெவர்' என்பதன் ஆக்கத்தில், நோ மெர்சியின் இயக்குநர் ஹிதேயுகி இவாஷிதாவும் பங்கு கொண்டார். பழைய பிடியின் சாயலை அதில் கண்டு மகிழ்ந்தோம். புதிய வீரரை உருவாக்கும் வசதியிலோ, இருபத்து மூன்று ஆண்டு மூத்த நோ மெர்சியின் தாராளம் அதற்கு வாய்க்கவில்லை.